தாஸ்தெமிர் விற்றதாகச் சொல்லப்படும் மருமகள்

கரா-ஓய் தாஸ்தெமிர் தன் மருமகளை அரபுக்காரர்களுக்கு விற்றுவிட்டார் என்று நான் முதலில் கேள்விப்பட்டது பொதுக் குளியல் கூடத்தில், ஆவிக்கு நடுவில். ஆவிக்குள் சொல்லப்படும் செய்திக்கு ஒரு வசதி உண்டு. சொன்னது யார் என்று பிறகு யாரும் கேட்க முடியாது.

"ஒரு ஜீப் விலைக்குப் போச்சாம்," என்றது ஒரு குரல்.

"மருமகளா?"

"மருமகளேதான். வசந்தத்துல வந்தவ. ஆறு மாசம்கூட ஆகல."

"அடப்பாவி! பையன் சும்மாவா இருந்தான்?"

"அவன் என்ன பண்ணுவான்? வேற ஒருத்தியப் பாத்துக்குவான்."

மறுநாள் முடிதிருத்தகத்தில் விற்கப்பட்ட மருமகள்கள் இரண்டு பேரானார்கள். சந்தைக்குப் போனால், குதிரை இறைச்சி விற்கும் அம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டே சொன்னார்: "விக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு முதுகுல ஏதோ கருவியக் கட்டி, எங்க போறா, எங்க வர்றான்னு போன்லயே பாத்துக்கிட்டு இருந்தானாம் அந்த ஆளு. என் மாமியாரைத் திட்டினதுக்கெல்லாம் இன்னிக்கு நான் மன்னிப்புக் கேக்கறேன்."

வாரப் பத்திரிகையில் பத்தி எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டியதில்லை. ஆனால் எங்கள் ஆசிரியருக்கு ஒரு கெட்ட பழக்கம், அச்சடிப்பதற்கு முன் விசாரிக்கச் சொல்வார். பத்திரிகையின் பழைய காரை எடுத்துக்கொண்டு, கராத்தாவ் மலையடிவாரத்தில் இருக்கும் கரா-ஓய்க்குக் கிளம்பினேன். முதல் பனி விழுந்திருந்தது.

கதவைத் திறந்தது தாஸ்தெமிரின் மனைவி ஷினார்.

"உங்க மருமகளைப் பத்தி விசாரிக்க வந்தேன் அக்கா."

"எங்களுக்குப் பையனே கிடையாதே தம்பி. ரெண்டும் பொண்ணு, ரெண்டையும் கட்டிக் குடுத்தாச்சு." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "ஓ, அந்த மருமகளா? அவளப் பத்தி அவரையே கேளுங்க. தொழுவத்துல உக்காந்திருக்காரு. வீட்டுக்குள்ள வான்னா, நான் திருடனாச்சே, ஆடு மாடுகூட இருந்துக்கறேங்கறாரு. ஆடுங்க என்ன பாவம் பண்ணுச்சோ."

அந்த மருமகள் ஒரு வல்லூறு.

பறவை ஆய்வு மையத்தின் கணினியில் அவளுக்குப் பெயர் பதினேழு. முதுகில் பள்ளிக்கூடப் பை மாதிரி ஒரு சிறு கருவி. வெயிலில் தானே சக்தி ஏற்றிக்கொண்டு, போன் கோபுரம் எட்டும் இடத்தில் இருந்தால், நான் இன்ன இடத்தில் இருக்கிறேன் என்று செய்தி அனுப்பும். காலில் எழுத்துப் போட்ட மஞ்சள் வளையம். பையை முதுகில் கட்டிப் பறக்கவிட்டவர் தாஸ்தெமிர். கையை விட்டுப் பறந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். "கெலின்னு பேரு வச்சிடுங்க," என்றாராம் அங்கேயே. கெலின் என்றால் எங்கள் பாஷையில் வீட்டுக்கு வந்த மருமகள். அந்தப் பெயர்தான் கரா-ஓயிலிருந்து பட்டணத்துக்கு வரும் வழியில் இறகை உதிர்த்துவிட்டுப் பெண்ணாகி வந்து சேர்ந்தது.

ஆக, வதந்தியில் பாதி பொய். மீதிப் பாதி இன்னும் மோசமானது: தாஸ்தெமிர் வல்லூறை விற்றுவிட்டார் என்று மையத்தில் உண்மையாகவே சந்தேகப்பட்டார்கள்.

சந்தேகப்பட்டவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தாஸ்தெமிர் முன்பு அதைத்தான் செய்துகொண்டிருந்தார். இளம் வயதில் மின்கம்பம் ஏறும் வேலை. ருஷ்யாவிடமிருந்து எங்கள் நாடு பிரிந்த கையோடு மின்சாரமும் போயிற்று, சம்பளமும் போயிற்று. கம்பிகளையே யாரோ வெட்டி விற்றுவிட்டார்கள். ஏறத் தெரிந்த மனிதன் ஏற எதுவும் இல்லாமல் பாறை ஏறினார். பாறையில் வல்லூறுக் கூடு இருந்தது. கீழே, வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது. பெட்டைக்கு அதிக விலை, உடம்பு பெரிசு. சில வருஷம் நன்றாகவே ஓடியது. பிறகு பிடிபட்டார். அவரிடம் வாங்கியவர்கள் யாரும் பிடிபடவில்லை, அவர்கள் விமானத்தில் போகிறவர்கள். சிறையிலிருந்து வந்தபோது மேல் வரிசையில் பாதிப் பல் இல்லை. அவர் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வது அதனால்தான், நாணத்தால் அல்ல.

வேலை கொடுக்க யாரும் இல்லாத அந்த நாளில் நகரத்திலிருந்து ரவ்ஷன் என்ற பறவை ஆய்வாளர் வந்தார். அப்போதுதான் படிப்பு முடித்த பெண். வீட்டு வாசலிலேயே நின்று கேட்டாராம்:

"கூடெல்லாம் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமாமே?"

"யாரு சொன்னா?"

"உங்க வழக்குக் காகிதம் சொல்லுச்சு. எல்லா இடமும் அதுல இருக்கு. ஏறத்தான் ஆள் வேணும்."

அன்றிலிருந்து குஞ்சுகளை எடுத்துக்கொண்டு போன கையாலேயே வளையம் மாட்டி விட்டுவிட்டு வருகிற வேலை. கயிறும் மையத்து ஜீப்பின் சாவியும் அவர் வீட்டு ஆணியில் தொங்கின. ஊரார் கயிற்றைக் கவனித்ததைவிடச் சாவியைத்தான் அதிகம் கவனித்தார்கள். திருடன் வீட்டில் அரசாங்கம் மாதிரி ஒன்று சாவியை மாட்டிவிட்டுப் போகிறதே! கொஞ்சம் கொஞ்சமாகப் பெயருக்குப் பின்னால் 'அண்ணன்' வந்து ஒட்டிக்கொண்டது.

நான் போன அன்று ஆணி காலியாக இருந்தது.

தொழுவத்தில் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார் தாஸ்தெமிர். பத்திரிகை என்றதும், "எழுதிக்குங்க தம்பி," என்றார். "மருமகளை வித்தேன், மாமியாரை அடமானம் வச்சேன், ஷினாரை இலவசமா குடுக்கறேன்னேன், எவனும் வாங்கல."

"அக்காகிட்ட சொல்லட்டுமா?"

"அவதான் சொல்லிக் குடுத்தா."

"நிஜமா என்னதான் நடந்துச்சு அண்ணே?"

"நடந்தது எனக்குத் தெரியாது. கணினியில தெரியற புள்ளிக்குத்தான் தெரியும். ரவ்ஷனைக் கேளுங்க."

அங்கிருந்தே ரவ்ஷனுக்குப் போன் போட்டேன். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் கவலையாக இருந்தது.

"செப்டம்பர் வரைக்கும் கெலின் பறந்துக்கிட்டு இருந்தா," என்றார். "அப்புறம் பறக்கவே இல்ல. காலையில வீட்டுலேர்ந்து கிணத்துக்கு, கிணத்துலேர்ந்து புல்வெளிக்கு, சாயந்திரம் வீட்டுக்கு. நடை வேகம். செத்துப் போயிருந்தா ஒரே இடத்துல கிடக்கணும். இது நகருது. சில நாள் திடீர்னு குதிரை வேகத்துல வட்டம் வட்டமா சுத்துது. இதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். பிடித்த வல்லூறைக் கையில் ஏந்திக் குதிரை மேல் வைத்துப் பழக்குகிறவர்கள் அப்படித்தான் சுற்றுவார்கள். பழகிய வல்லூறுக்கு விலை இன்னும் கூடும்.

"எந்த ஊர்ல?"

"அக்-புலாக்."

தாஸ்தெமிரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். அக்-புலாக்கில்தான் அவருடைய மூத்த மகளைக் கொடுத்திருக்கிறது. அங்கே குதிரை வைத்திருப்பவர்களில் முக்கியமானவர் எசன்கெல்தி, அவருடைய சம்பந்தி.

"நான் அண்ணனை நம்பறேன்," என்றார் ரவ்ஷன். "புள்ளிகளை என்ன பண்றது? இது தெளியற வரைக்கும் பாறைப் பக்கம் போக வேணாம்னு சொல்லியிருக்கேன். கயிறும் சாவியும் என்கிட்ட இருக்கு."

போனை வைத்ததும் கேட்டேன், "நேரா போய்ப் பாத்துட்டு வந்துட வேண்டியதுதானே?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் வெளிநாட்டுக்காரனாகிவிட்டேன். "சம்பந்தி வீட்டுக்குப் போய், ஐயா, நீங்க திருடனா, தொழுவத்தைக் கொஞ்சம் தொறந்து காட்டுங்கன்னு கேக்கச் சொல்றீங்களா? என் பொண்ணு அங்க வாழ வேணாமா?"

நியாயம்தான். சம்பந்தியிடம் எங்கள் பக்கம் எதையும் கேட்க முடியாது. அவர் கொடுப்பதைச் சாப்பிடலாம், அவ்வளவுதான். எனவே சாப்பிடுவதற்காக என்று சொல்லிக் கிளம்பினோம். ஷினார் போர்வைத் துணியும் இனிப்பும் கட்டிக் கொடுத்தார். குற்றம் நடந்த இடத்தைச் சோதிக்க இனிப்போடு போன முதல் விசாரணைக் குழு நாங்களாகத்தான் இருப்போம்.

எசன்கெல்தி வாசலுக்கே வந்து கட்டிக்கொண்டார். பருமனான மனிதர். சிரிப்பு முதலில் வயிற்றில் தொடங்கி, வாய்க்குத் தாமதமாக வரும்.

"வாங்க சம்பந்தி, வாங்க! இவ்வளவு நாள் எட்டிப் பாக்காம இருந்தீங்களே, உங்க பொண்ணை நாங்க தின்னுட்டோம்னு நெனச்சீங்களா? பாருங்க, எங்களைத்தான் அவ தின்னுக்கிட்டு இருக்கா."

உள்ளே இருந்து மகளின் சிரிப்புக் கேட்டது. எசன்கெல்தியின் மனைவி குல்ஜிஹான் எங்களை விருந்தாளிக்கான மேலிடத்தில் உட்காரவைத்து, கிண்ணத்தின் அடியில் மட்டும் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். நிரம்ப ஊற்றினால் எழுந்து போ என்று அர்த்தம். அந்த அம்மாள் ஊற்றிய அளவைப் பார்த்தால் வசந்தம் வரை எங்களை விடுவதாகத் தெரியவில்லை.

தாஸ்தெமிர் தொண்டையைக் கனைத்தார். "சம்பந்தி, இந்தப் பக்கம் வல்லூறு கில்லூறு..."

"முதல்ல சாப்பிடுங்க."

ஆட்டுத் தலை வந்தது. அதை மரியாதைப்படி அறுத்து, காதை ஒருவருக்கும் கன்னத்தை ஒருவருக்கும் கொடுத்து முடித்து, தாஸ்தெமிர் மறுபடி கனைத்தார்.

"வல்லூறுன்னு சொல்ல வந்தேன்..."

"நீங்க எப்பவும் பறவை பேச்சுதான். குதிரையப் பத்திக் கேளுங்க! என் செவலை இந்த வருஷம் கொக்பார்ல ஒரு ஆட்டம்கூடத் தோக்கல. போன வருஷம் இதே குதிரை, கடா எங்க கிடக்குன்னு தெரியாம எதிர்க்கட்சிக்காரன் குதிரைகூட நின்னு புல்லு தின்னுக்கிட்டு இருந்துச்சு."

"என்ன போட்டீங்க?" என்றேன் நான், பேச்சுக்கு. கொக்பார் என்பது இரண்டு அணிகள் குதிரை மேலிருந்தபடியே செத்த ஆட்டுக் கடாவைப் பறித்துக்கொண்டு ஓடும் ஆட்டம்.

எசன்கெல்தி குரலைத் தாழ்த்தினார். "தீனி இல்ல தம்பி. தாயத்து. வாங்க, காட்டறேன்."

கட்டுக்கம்பத்தில் செவலை நின்றது. கழுத்தில் சிவப்புக் கயிறு, கண் படாமல் இருக்க ஆந்தை இறகு. இறகுக்கு நடுவில், வெயிலில் கண்ணாடி மினுங்க, பதினேழின் பை.

தாஸ்தெமிர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"மேய்ச்சல் குன்றுல கிடந்துச்சு," என்றார் எசன்கெல்தி. "கிட்டத்துல ஒரு தடம் கிடையாது. வானத்துலேர்ந்துதான் விழுந்திருக்கு. பின்னால பொடி எழுத்துல என்னமோ எழுதியிருக்கு. அவ்வளவு பொடியா எழுதினா அது மந்திரமாத்தான் இருக்கும்."

குனிந்து படித்தேன். கண்டெடுத்தவர் தெரிவிக்கவும் என்று இருந்தது, கீழே மையத்தின் போன் எண். மந்திரத்தை நான் உரக்கப் படிக்கவில்லை, சம்பந்திகள் விவகாரம்.

இப்போது சிக்கல் வேறு. கருவியைக் கேட்க முடியாது. கேட்டால் பறித்ததாகும். தாஸ்தெமிர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கையைச் செவலையின் கழுத்தில் வைத்து மெதுவாகச் சொன்னார்:

"ரொம்ப நல்லா இருக்கு சம்பந்தி."

எசன்கெல்தியின் முகம் வெளுத்தது. சம்பந்தி ஒன்றை நல்லா இருக்கிறது என்று வாயால் சொல்லிவிட்டால் அது அவருடையது. எங்கள் பக்கம் விருந்தாளிகள் பார்த்துப் பேசுவதும், வீட்டுக்காரர்கள் நல்ல கம்பளத்தைச் சுருட்டி வைப்பதும் அதற்காகத்தான்.

"எது சம்பந்தி?" அவர் செவலைக்கு முன்னால் வந்து நின்றார். "குதிரையா, தாயத்தா?"

"தாயத்துதான்."

"கடவுள் பெரியவர்!" எசன்கெல்தி கயிற்றை அவரே அவிழ்த்தார். "எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க, இறகையும் எடுத்துக்குங்க!" பிறகு செவலையின் காதருகே போய், "இனிமே நீயா ஓடணும்டா," என்றார்.

திரும்பும் வழியில் காரிலேயே ரவ்ஷனின் போன் வந்தது. "அண்ணே! பதினேழு நகருது! நெடுஞ்சாலையில மலைப்பக்கமா போய்க்கிட்டு இருக்கு!"

"தெரியும்மா. என் மடியிலதான் இருக்கு."

தாஸ்தெமிர் கருவியைப் புரட்டிப் பார்த்தார். பட்டை எங்கும் வெட்டுப்படவில்லை. பட்டையை இணைத்த தையல்தான் இற்றுப்போயிருந்தது. பறவை சாகும்வரை சுமக்கக் கூடாது என்று, சில வருஷத்தில் தானே இற்று விழும்படி பருத்தி நூலால் அந்த ஓரிடத்தைத் தைப்பது வழக்கம். இது அந்தக் கோடையையே தாண்டவில்லை.

"நாலு தையல் போடச் சொல்லியிருந்தாங்க," என்றார் கொஞ்ச தூரம் போனபின். "நான் ரெண்டு போட்டேன்."

"ஏன் அண்ணே?"

"கையில துடிச்சா. கழுத்துல விரல் வச்சா நெஞ்சு அடிக்கறது தெரிஞ்சுச்சு. எனக்கும் ஒருத்தன் விலங்கு மாட்டியிருக்கான் தம்பி. இறுக்கமா மாட்டுவான்."

இதை அவர் ரவ்ஷனிடமும் மறைக்கவில்லை. அன்றே போனில் சொன்னார். ரவ்ஷன் திட்டினார். திட்டு வாங்கிக்கொண்டார். பட்டை வெட்டப்படவில்லை என்பதை மையம் ஒத்துக்கொண்டது. ஆனால் கயிறும் சாவியும் வரவில்லை.

"கருவி கிடைச்சிடுச்சு, பறவை எங்கன்னு மேலதிகாரி கேக்கறார் அண்ணே," என்றார் ரவ்ஷன்.

ஊரும் அதையே வேறு மாதிரி கேட்டது. கரா-ஓய்க் கடை வாசலில் நான் என் காதால் கேட்டேன்.

"பாரு, எவ்வளவு கெட்டிக்காரன்! கருவியை சம்பந்தி குதிரைக்கு மாட்டிட்டு, பறவையை விமானம் ஏத்திட்டான்."

"படிச்சவங்களையே ஏமாத்திட்டானே!"

சொன்னவர்கள் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. நம் ஊர்த் திருடன் தரமான திருடன் என்ற பெருமை. தாஸ்தெமிருக்கு அதுதான் அதிகம் உறைத்தது. பனிக்காலம் முழுக்க அவர் கடைக்குப் போகவில்லை. பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த அண்ணனை ஊர் மறுபடி பிய்த்து எடுத்தது. பத்தியில் நான் உண்மையை எழுதினேன். மருமகள் வெறும் பறவைதான் என்று தெரிந்ததும் வாசகர்களுக்குச் சப்பென்று போயிற்று.

மார்ச் மாதம், வல்லூறுகள் திரும்பும் நேரம், தாஸ்தெமிர் நடந்தே பாறைக்குப் போனார். மேலே ஏறவில்லை, ஏறக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே. கீழே சேற்றில் உட்கார்ந்து, மருமகனின் பழைய தொலைநோக்கியால் கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷினார் ரொட்டி கட்டிக் கொடுத்தனுப்புவார், மாலையில் திரும்புவார், மறுநாள் மறுபடி போவார். ஆண் முதலில் வந்தது. பிறகு ஒரு பெட்டை வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்து, வெயிலுக்குக் காலை மாற்றிவைத்தது. காலில் மஞ்சள் வளையம். எழுத்தும் சரியாக இருந்தது. முதுகில் பை இல்லை.

அவர் தொலைநோக்கியோடு போனை ஒட்டவைத்துப் படம் எடுத்தார். படத்தில் பாறைதான் அதிகம், கெலின் கொஞ்சம். வளையம் தெரிந்தது, அது போதும். போனில் ரவ்ஷன் எடுத்ததும் தாஸ்தெமிர் விஷயத்தைச் சொல்லவில்லை. முதலில் கத்தினார்: "சுயின்ஷி!"

நல்ல செய்தி கொண்டுவருகிறவன் செய்திக்கு முன்னால் கத்தும் சொல் அது. கேட்டவர் மாட்டேன் என்று சொல்ல முடியாது. என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும், கேட்டதைக் கொடுக்க வேண்டும். நகரத்தில் வளர்ந்து ருஷ்ய மொழியில் படித்திருந்தாலும், ரவ்ஷனுக்கு அது ரத்தத்தில் இருந்தது.

"தர்றேன் அண்ணே, தர்றேன்! என்ன வேணும், கேளுங்க!"

"கெலின் வந்துட்டா."

அந்தப் பக்கம் குரல் விட்டுவிட்டு வந்ததாம். அழுதார் என்று தாஸ்தெமிர் சொல்கிறார். இணைப்பு சரியில்லை என்று ரவ்ஷன் சொல்கிறார்.

பிறகு தாஸ்தெமிர் கேட்டார். ஜீப் கேட்கவில்லை, சம்பள உயர்வு கேட்கவில்லை. "ஊருக்கு வரும்போது கடை வாசல்ல எறங்குங்க. அங்க இருக்கறவங்க முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க. இவரை நான் சந்தேகப்பட்டேன், அது தப்புன்னு. அவ்வளவுதான் என் சுயின்ஷி."

"கண்டிப்பா அண்ணே," என்றார் ரவ்ஷன்.

கயிறும் சாவியும் அந்த வாரமே வந்துவிட்டன. கூடவே குளிர் தாங்கும் மேல்சட்டை ஒன்றும், புதிய தொலைநோக்கி ஒன்றும், ஒரு பெட்டி மிட்டாயும் வந்தன. ஷினார் மிட்டாயை மட்டும் பிரித்தார். மற்றவை கட்டுப் பிரிக்காமல் துணிப்பெட்டி மேல் இருக்கின்றன.

"இதெல்லாம் பரிசு," என்கிறார் தாஸ்தெமிர். "நான் கேட்டது இது இல்ல."

நான் ரவ்ஷனைக் கேட்டேன்.

"அறிக்கையில எழுதிட்டேனே," என்றார். "சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லைன்னு தெளிவா இருக்கு. ஒன்பதாம் பக்கம்."

"கடைக்காரங்க ஒன்பதாம் பக்கம் வரைக்கும் வருவாங்களா?"

"நீங்க கிண்டல் பண்றீங்க." பிறகு குரல் இறங்கியது. "எனக்கு அவ்வளவு பேர் முன்னாடி பேசி வழக்கமில்ல. சொல்லிடுவேன். அவரும்தான் ரெண்டு தையல் கம்மியா போட்டாரு, அதை யாரு முன்னாடி சொல்றது?"

இதையும் போய் தாஸ்தெமிரிடம் சொன்னேன்.

"சொல்லட்டுமே," என்றார். "அதையும் சேத்தே சொல்லட்டும். ரெண்டு தையல் போட்டவன்னு ஊர் சொன்னா எனக்கு ஒண்ணும் இல்ல."

மே மாதம் குஞ்சுகளுக்கு வளையம் மாட்ட ரவ்ஷன் வந்தார். நானும் ஜீப்பின் பின்னிருக்கையில் இருந்தேன். தாஸ்தெமிர் ஏறினார், ரவ்ஷன் கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டார். தாஸ்தெமிரின் உயிர் முழுக்க அந்தப் பெண்ணின் கையில் இருந்தது, ஒரு தடவைகூட அவர் கயிற்றைத் தளரவிடவில்லை. தலைக்கு மேல் கெலின் கத்திக்கொண்டே சுற்றினாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

பாறையிலிருந்து ஊருக்குள் வர நல்ல சாலை ஒன்றுதான், அது கடையை ஒட்டிப் போகிறது. ரவ்ஷன் அந்தச் சாலையை விட்டு ஜீப்பை ஓடைக்குள் இறக்கினார். கல்லில் மோதி, தண்ணீர் கதவு வரை ஏறி, என் தலை இரண்டு தடவை கூரையில் இடித்தது. தாஸ்தெமிர் முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்தார். மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலது பக்கம், கடை இருக்கும் திசையைப் பார்த்தபடி வந்தார்.